கடைசி அணிக்கு முதல் கை

போன பருவத்தில் கடைசியாக வந்த அணி புதிய வீரரை முதலில் எடுக்கும். கிண்ணத்தைத் தூக்கிய அணி கடைசியாக எடுக்கும். டிராப்ட் எனப்படும் வீரர் தெரிவு முறையின் உயிர் இந்த ஒற்றை விதியில் இருக்கிறது. ஏலத்தில் கை உயர்த்தப் பணம் வேண்டும். டிராப்டில் வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருந்தால் போதும். ஒரு வீரரின் பெயரை ஓர் அணி சொல்லிவிட்டால் அந்த லீக்கில் வேறெந்த அணியும் அவரோடு சம்பளம் பேச முடியாது. பணக்கார அணி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை.

இலங்கை ரசிகர் வாயில் இந்தச் சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2020 ஒக்டோபரில், லங்கா பிறீமியர் லீக் கிரிக்கெட் தொடரோடுதான். அதற்கு முன்பு கழகம் வீரரைத் தேடிப் போகும், அல்லது வீரர் கழகத்தைத் தேடிப் போவார். வரிசை என்ற பேச்சே கிடையாது. றக்பியிலும் உதைபந்தாட்டத்திலும் இன்றும் அப்படித்தான்.

கொழும்பு வீதி மலையேறி முடிகிற கடுகண்ணாவையில் விளையாட்டு ரசிகருக்குப் பஞ்சமில்லை. குடைந்த பாறையையும் டோசன் கோபுரத்தையும் தாண்டினால் கடைத்தெரு, ரயில் நூதனசாலை. அங்கிருந்து பிலிமத்தலாவை, பேராதனை வழியாகக் கண்டிக்குப் பதினாறு கிலோமீற்றர் அளவில்தான் தூரம். சனிக்கிழமை பின்னேரம் நித்தவெல மைதானத்தில் றக்பி என்றால், மத்தியானச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிட்டு பஸ் ஏறினால் போதும். பல்லேகலயில் கிரிக்கெட் என்றால் கண்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இந்த ஊர் ரசிகருக்கு இரண்டு கண்டிகள் உண்டு. ஒன்று 1874இல் தொடங்கப்பட்ட கண்டி விளையாட்டுக் கழகம். மற்றது 2020இல் பிறந்த கண்டி கிரிக்கெட் அணி. முன்னதற்கு டிராப்ட் கிடையாது, தொடர்ச்சி உண்டு. பின்னதற்கு டிராப்ட் இருந்தது, தொடர்ச்சி இல்லை. டிராப்ட் ரசிகருக்கு எப்போது உதவுகிறது, எப்போது வெறும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிவிடுகிறது என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வழி.

டிராப்ட் முறை பிறந்தது அமெரிக்காவில். அந்நாட்டார் ஃபுட்போல் என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, றக்பிக்குப் பங்காளி முறையான ஆட்டம் அது. 1930களின் நடுப்பகுதியில் அவர்களுடைய தேசிய ஃபுட்போல் லீக்கில் ஒன்பது அணிகள் இருந்தன. பல்கலைக்கழக மைதானங்களில் பெயரெடுத்து வெளியேறும் இளைஞர்களைப் பணமும் புகழும் உள்ள சில அணிகளே அள்ளிக்கொண்டு போயின. மற்றவை தோற்றன, தோற்றதால் கூட்டம் குறைந்தது, கூட்டம் குறைந்ததால் கையில் காசில்லை, காசில்லாததால் மறுபடியும் நல்ல வீரர் கிடைக்கவில்லை. இந்தச் சுழலில் சிக்கியிருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் 1935இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: கடைசி அணி முதலில் எடுக்கட்டும். அவர் அணிதான் அந்தப் பருவத்தில் கடைசி என்பதையும் சொல்லியாக வேண்டும். தன்னலம் இல்லாமல் அந்த யோசனை பிறக்கவில்லை. வென்றுகொண்டிருந்த அணிகளும் அதற்கு இணங்கின என்பதுதான் வியப்பு. எதிரணி செத்துப்போனால் ஆட யாருமில்லை என்ற கணக்கு அவர்களுக்கும் புரிந்திருந்தது.

1936 பெப்ரவரி 8ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் டிராப்ட் நடந்தது. அறையில் ஒரு கரும்பலகை, அதில் 90 பெயர்கள். ஒன்பது அணிகளும் ஒன்பது சுற்றுகளில் 81 பேரை எடுத்தன. முதல் கை பெல்லுக்கு. அவர் சொன்ன பெயர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜே பேர்வாங்கர், 1935ஆம் ஆண்டின் மிகச் சிறந்த பல்கலைக்கழக வீரர் என்று விருது பெற்றவர். அவர் கேட்கக்கூடிய சம்பளம் தனக்குக் கட்டுபடியாகாது என்று பெல் அந்த உரிமையை சிக்காகோ பெயர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கும் பேச்சு சரிவரவில்லை. பேர்வாங்கர் ஒரு றப்பர் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதல் டிராப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. மற்ற 80 பேரிலும் அந்தப் பருவம் ஆடியவர்கள் பாதிக்கும் குறைவு. பொருளாதார மந்தக் காலத்தில் நிரந்தர வேலை ஒன்று, பந்தாட்டச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இன்று அந்த லீக்கில் 32 அணிகள். டிராப்ட் ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், ஏழு சுற்று, 250க்கும் மேற்பட்ட பெயர்கள். 1980 முதல் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்படுகிறது. மேடைக்கு ஒருவர் வருகிறார், ஒரு பெயரை வாசிக்கிறார், போகிறார். பந்து எங்கும் இல்லை. ஆனாலும் 2025இல் கிறீன் பே நகரில் அது நடந்தபோது மூன்று நாளிலும் சேர்த்து வந்த கூட்டம் ஆறு லட்சம் என்று கணக்கிடப்பட்டது. கிறீன் பேயின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான், கிட்டத்தட்ட கண்டி மாநகர எல்லைக்குள் வாழ்பவர்கள் அளவு. பெரஹரா காலத்துக் கண்டியை மனதில் கொண்டுவந்தால் அந்த நெரிசல் ஓரளவு விளங்கும்.

பெயர் வாசிப்பதைப் பார்க்க ஏன் இத்தனை பேர்? அந்நாட்டு ரசிகருக்கு டிராப்ட் ஒரு மாலைப்பொழுதின் வேடிக்கை இல்லை, ஆண்டு முழுவதற்குமான வேலை. இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழக ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்குகிறார். தன் அணிக்கு எந்த இடத்தில் ஓட்டை, எந்தப் பல்கலைக்கழகப் பையன் அதை அடைப்பான், அவன் 40 யார் தூரத்தை எத்தனை செக்கனில் ஓடுகிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யார் எந்த இடத்தில் எடுக்கப்படுவார் என்று ஊகப்பட்டியல் எழுதுவதே அங்கு ஒரு தொழில். அணி தோற்கத் தோற்க, அடுத்த ஏப்ரலில் தன் முறை முன்னுக்கு வருகிறது என்ற ஆறுதல் வேறு. தோல்விக்குக்கூட ஒரு பெறுமதி உண்டாகிவிடுகிறது.

ஊகம் பிழைப்பதும் அதன் ருசிதான். 1999இல் பிலடெல்பியா ரசிகர் கூட்டமொன்று நியூயோர்க் வரை போய் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது இடத்தில் தங்கள் அணி டொனவன் மெக்நாப் பெயரைச் சொன்னதும் ஊளையிட்டார்கள். அவர்கள் கேட்டது வேறொருவரை, ஓர் ஓட்டக்காரரை. அதே மெக்நாப்தான் பின்னர் அந்த அணியை 2005இன் சூப்பர் போல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2000இல் டொம் பிரேடி எடுக்கப்பட்டது 199ஆவது ஆளாக. ஓய்வுபெறும்போது அவர் கையில் ஏழு பட்டங்கள். 2022இல் 262ஆவதாக, அதாவது ஆகக் கடைசியாக, வாசிக்கப்பட்ட பெயர் புறொக் பேர்டி. கடைசிப் பெயருக்கு ‘பொருட்படுத்தத் தேவையில்லாதவர்’ என்று கேலிப் பட்டம் சூட்டுவது அங்கே வழக்கம். பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த ஆள் இரண்டே ஆண்டுகளில் சூப்பர் போல் ஆட்டத்தில் தன் அணியை நடத்தினார். இவ்வளவு ஆட்களும் கணினிகளும் சேர்ந்து பார்த்தும் 261 தடவை கண்ணில் படாமல் போனவர்.

இந்தக் கதைகளில் ஒரு விஷயம் மறைந்து போய்விடுகிறது. அங்கே டிராப்டுக்கு வருபவர்கள் புதியவர்கள் மட்டும்; ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களைக் கலைத்துப் போட்டு மறுபடி பிரிப்பதில்லை. எடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. இருபத்திரண்டு வயதில் வந்தவர் தடுமாறி, அடிபட்டு, தேறி, தளபதியாவதை ரசிகர் நான்கு ஆண்டுகள் கிட்ட இருந்து பார்க்கிறார். தவிர, டிராப்ட் அங்கே தனியாக நின்று எதையும் சாதிக்கவில்லை. தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் கிறீன் பே போன்ற சிற்றூர் நியூயோர்க்கோடு மல்லுக்கட்ட முடிகிறது. இதில் ஒன்றை மட்டும் பிடுங்கி வேறு நாட்டில் நட்டால் அது அதே மரமாக வளரும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

நம் முற்றங்களில் இதற்கு மிகப் பழைய உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார்: உத்தி பிரித்தல். ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்வார்கள். சோடி சேரும்போதே ஒரு விதி: வேகமாக ஓடுகிறவன் வேகமாக ஓடுகிறவனோடு, குட்டையன் குட்டையனோடு. கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி இரண்டு தலைவர்களிடமும் வந்து, மாம்பழம் வேண்டுமா பலாப்பழம் வேண்டுமா என்று கேட்பார்கள். தலைவர் பழத்தைத்தான் கேட்கலாம்; எந்தப் பழம் எந்தப் பையன் என்று அவருக்குத் தெரியாது. சோடி சமமாக இருந்தால் எந்தப் பழம் விழுந்தாலும் அணிகள் சமம். பேர்ட் பெல்லின் கரும்பலகையைவிட இது சாமர்த்தியமான ஏற்பாடு என்று சொன்னால் மிகையில்லை. பணமும் இல்லை, முன்னைய தோல்வியும் கணக்கில் இல்லை. சமநிலையை முடிவு செய்வது தலைவர்களின் கெட்டித்தனமும் இல்லை, சோடி சேர்ந்த பிள்ளைகளின் நேர்மை. அடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து பிரிப்பார்கள். முற்ற ஆட்டத்துக்கு அது போதும். அங்கே பார்வையாளர் கிடையாது, ரசிகர் கிடையாது. ரசிகர் என்று ஒருவர் வேலிக்கு அப்பால் வந்து நின்றதும்தான் ‘நம்ம ஆள்’ நாளைக்கும் நம்ம ஆளாக இருக்க வேண்டிய தேவை வருகிறது.

கண்டியின் றக்பிக்கு வருவோம். பாடசாலை றக்பி இந்த நகரத்தில்தான் வேர்பிடித்தது. கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் 1891இல் தன் மாணவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே நாட்டின் முதல் பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டம். 6-6 என்று சமநிலையில் முடிந்தது. 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவமும் பிரட்பி கேடயத்துக்காக ஆண்டுக்கு இரண்டு தடவை, கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக, ஆடிவருகின்றன. இரு ஆட்டங்களின் மொத்தப் புள்ளி கேடயத்தைத் தீர்மானிக்கும். அந்த வாரம் கண்டியில் பப்பரே வாத்தியம் கேட்காத தெரு இருக்காது. கழக மட்டத்தில் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் துரைமார். ரதெல்ல, தரவளை மைதானங்கள் அவர்களுடையவை. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வேலிக்கு வெளியேதான் இடம் இருந்தது. மலையகத் தமிழ் இளைஞர் உதைபந்துக்கும் கரப்பந்துக்கும் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டிக் கழகத்தின் பொற்காலம் 1990களில் தொடங்குகிறது. பின்னாளில் அமைச்சரான மலிக் சமரவிக்ரம அதை முன்னின்று நடத்திய காலம் அது. அதன் பிறகு சேர்த்த லீக் பட்டங்களின் எண்ணிக்கையில் வேறெந்தக் கழகமும் அதன் அருகில் வரவில்லை. நித்தவெலவின் மேட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வெற்றி சனிக்கிழமைச் சந்தை மாதிரி வழக்கமாகிப் போனது. எப்படி வந்தது இந்த வெற்றி? பாதி விடை பாடசாலைகளில் இருக்கிறது. திரித்துவம், கிங்ஸ்வூட், தர்மராஜ, புனித அந்தோனியார், வித்யார்த்த என்று றக்பி ஆடும் பாடசாலைகள் கூப்பிடு தூரத்தில். கிங்ஸ்வூட்டிலிருந்து வந்த பாஸில் மரிஜா கண்டியையும் பின்னர் நாட்டையும் தலைமைதாங்கி நடத்தியவர். அவர் கையில் பந்து போனால் நித்தவெல எழுந்து நிற்கும். அவரைப் பதினேழு வயதில் பார்த்தவர்களே முப்பது வயதிலும் பார்த்தார்கள். ரசிகர் கேட்பது இதைத்தான்.

மற்றப் பாதி விடை அவ்வளவு இனிமையானதல்ல. பாடசாலைக் கடைசி ஆட்டம் முடிந்த பையனுக்கு டிராப்ட் மேடை கிடையாது. ஆட்டம் முடியுமுன்பே யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார். ஒரு கழகம் தனியார் நிறுவனத்தில் வேலை காட்டும். பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகள் ஓய்வூதியமுள்ள அரச உத்தியோகத்தையே காட்டும். இன்னொன்று மோட்டார் சைக்கிள் அளவில் பேசும். செல்வாக்கும் அனுசரணையும் உள்ள கழகம் நல்லதை எடுக்கும். மற்றவை மிச்சத்தை எடுக்கும். 1935இல் பிலடெல்பியா முறையிட்ட நிலை இதுவேதான், கண்டி அதில் நியூயோர்க்கின் இடத்தில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். இலங்கை றக்பிக்கு 1990களிலேயே டிராப்ட் வந்திருந்தால், ஆண்டுக்கு ஆண்டு கடைசி ஆளாகத் தேர்ந்தெடுக்கும் கழகமாகக் கண்டி இருந்திருக்கும். மரிஜா ஹெவ்லொக் கழகத்துக்கோ சீ.எச். கழகத்துக்கோ ஆடியிருக்கலாம். கிரிக்கெட் அணி தோற்கும்போது நியாயமான பங்கீடு வேண்டும் என்று வாதாடுகிற கண்டி ரசிகர், நித்தவெலயில் அந்த நியாயத்தைக் கேட்டதில்லை. வெல்கிற வீட்டில் பங்கீடு பற்றிப் பேச்சு எழுவதில்லை.

மற்றக் கண்டியின், அதாவது கிரிக்கெட் அணியின், கதை வேறு. 2020 ஒக்டோபர் 19ஆம் திகதி லங்கா பிறீமியர் லீக்கின் முதல் டிராப்ட் கொரோனா காரணமாக இணையவழியில் நடந்தது. அணிக்குக் கண்டி டஸ்கர்ஸ் என்று பெயர், யானையின் தந்தத்தை நினைவூட்டுவது. தலதா மாளிகை நகரத்துக்குப் பொருத்தமானது. கிறிஸ் கெய்ல் பெயர் கண்டிக்கு விழுந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. கெய்ல் வரவில்லை. தொடர் முழுவதும் அம்பாந்தோட்டை சூரியவெவயில், ஆளில்லாத ஆசனங்களுக்கு முன்னால் நடந்தது. முதல் ஆட்டத்தில் கண்டி 219 ஓட்டம் எடுத்தது. கொழும்பும் 219 எடுத்து, சூப்பர் ஓவரில் வென்றது. கண்டி கடைசி இடம். 2021இல் பெயர் கண்டி வொரியர்ஸ் ஆனது. ஆட்டங்கள் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும். மறுபடி கடைசி இடம். ஆக, டஸ்கர்ஸ், வொரியர்ஸ் என்ற இரண்டு அணிகளும் கண்டி மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே மறைந்து போயின. கடுகண்ணாவையில் இருந்த ரசிகருக்கு அவை சென்னை, மும்பை அணிகள் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

அமெரிக்கக் கணக்கில் பார்த்தால் இரண்டு முறை கடைசியாக வந்த அணி இளம் ஆற்றல்களைச் சேர்த்துக்கொண்டு மெல்ல எழ வேண்டும். 2022இல் கண்டி எழுந்தது உண்மை. வனிந்து ஹசரங்க தலைமையில் கண்டி பெல்கன்ஸ் என்ற மூன்றாவது பெயரில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பல்லேகலயிலும் ஆடியது. ஆனால் அது முந்தைய தோல்விகளில் முளைத்த பயிரில்லை. சிலரை வைத்துக்கொண்டு மிச்ச அணியை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும் தொடரில், கடைசி இடத்துக்கும் முதல் இடத்துக்கும் இடையே கதை ஒன்றும் வளர்வதில்லை. உத்தி பிரிப்பதுபோல் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. பெயர் டிராப்ட், பேர்ட் பெல் உண்டாக்கிய பொருள் அதில் இல்லை.

2023இல் அந்தப் பெயரும் போய் ஏலம் வந்தது. கண்டிக்கும் நான்காவது பெயர்: பி-லவ் கண்டி. அனுசரணையாளர் பெயர் முன்னால், ஊர் பெயர் பின்னால். அந்த ஆண்டுதான் கிண்ணமும் வந்தது என்பது வேடிக்கை. ஓகஸ்ட் 20ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் தம்புள்ள ஓராவை 5 விக்கெட்டால் வென்றார்கள். காயத்தால் ஹசரங்க இறுதி ஆட்டத்தில் இல்லை, ஏஞ்சலோ மெத்யூஸ் நடத்தினார். 279 ஓட்டமும் 19 விக்கெட்டும் எடுத்த ஹசரங்கவே தொடரின் நாயகன். காலியில் பிறந்தவர் அவர், கொழும்புக்காரர் மெத்யூஸ். கண்டியில் வளர்ந்து, திரித்துவக் கல்லூரியில் ஆடி, சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சளில் தமிழ்நாட்டுக்கே செல்லப்பிள்ளையான மதீஷ பத்திரன அப்போது கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் அணியில். 2024 மே ஏலத்தில் 1,20,000 டொலருக்கு, அந்த லீக்கின் அதுவரையான ஆகக்கூடிய விலைக்கு, மறுபடியும் கொழும்புக்கே போனார். அந்த ஏலம் முடிந்த கையோடு தம்புள்ள அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானார். தம்புள்ள தண்டர்ஸ், தம்புள்ள சிக்ஸர்ஸ் ஆனது. கண்டி மறுபடி பெல்கன்ஸ் ஆனது. ஐந்து தொடரில் நான்கு பெயர். தொப்பி வாங்கியவர் எத்தனை தொப்பி வாங்குவார்?

யாழ்ப்பாணத்தை இதோடு ஒப்பிட வேண்டும். அங்கும் ஸ்டாலியன்ஸ் என்ற பெயர் கிங்ஸ் ஆனது, அங்கும் சொந்த மண்ணில் ஆட்டம் கிடையாது. ஆனால் முதல் தொடரிலேயே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற பத்தொன்பது வயது தொட்ட சுழற்பந்து வீச்சாளரை அணியில் சேர்த்தார்கள். அவர் அந்த அணியோடேயே வளர்ந்தார். 2024இல் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆடினார். நான்கு பட்டங்களைவிட இந்த ஒரு பெயர்தான் அந்த அணியை யாழ்ப்பாணத்து அணியாக்கியது. அதற்கு டிராப்ட் வரிசையும் தேவைப்படவில்லை, ஏலக் கோடியும் தேவைப்படவில்லை. தங்கள் பாடசாலை மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

உதைபந்தாட்டத்தில் டிராப்ட் நம் பக்கத்தில் வந்துபோன கதை சுருக்கமானது. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் உள்ளூர் வீரரை டிராப்ட் மூலம் பிரித்துக் கொடுத்தது. 2017 ஜூலை 23ஆம் திகதி மும்பையில் நடந்த டிராப்டில் 200க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. அடுத்து வந்த பருவத்தில் சென்னையின் எஃப்.சி. தன் இரண்டாவது பட்டத்தை வென்றது. அதன்பின் கழகங்கள் பல ஆண்டு ஒப்பந்தங்களுக்கு மாறின, டிராப்ட் வழக்கொழிந்தது. உலகெங்கும் உதைபந்தாட்டம் இளையோர் அணிகளையும் மாற்றுத் தொகையையும் நம்பி நடக்கும் ஆட்டம். பதினைந்து வயதில் சிறுவனைச் சேர்த்து வளர்த்த கழகம் அவனை வரிசைக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிக்காது. இலங்கையில் பேச்சே வேறு. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் வந்தது. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியிலிருந்து அப் கன்ட்ரி லயன்ஸ் அதில் ஆடியது. 2023 ஜனவரியில் ஃபீஃபா நாட்டையே இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை. லீக் நடக்குமா என்று தெரியாத இடத்தில் யார் யாரை முதலில் எடுப்பது என்று பேசுவது ஆடம்பரம்.

டிராப்டை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சட்டம் படித்தவர் எந்த ஊரிலும் வேலை தேடலாம், தாதி எந்த வைத்தியசாலைக்கும் விண்ணப்பிக்கலாம். விளையாட்டு வீரர் மட்டும் தன்னை எடுத்த அணிக்கே போக வேண்டும் என்பது தொழிலாளியின் உரிமையைப் பறிப்பதே. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1976இல் அப்போதைய முறையைச் சட்டவிரோதம் என்றது. வீரர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நிழலில்தான் அது பிழைத்திருக்கிறது. முதல் கைக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே தோற்கும் அணிகளும் உண்டு. அதைத் தடுக்க அந்நாட்டுக் கூடைப்பந்து லீக் 1985இல் சீட்டுக் குலுக்கலைக் கொண்டுவந்தது. பின்னர் குலுக்கலிலும் பின்தங்கிய அணிகளுக்கே வாய்ப்பைக் கூட்டியதால் நோய் முற்றாகத் தீரவில்லை.

எனவே அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்ல இடமில்லை. தேவையும் இல்லை. அதன் நடுவில் இருக்கும் இரண்டு பொருளை எடுத்துக்கொண்டால் போதும்: புதியவரை மட்டும் பிரிப்பது, பிரித்தவரைச் சில ஆண்டு வைத்திருப்பது. லங்கா பிறீமியர் லீக் நட்சத்திரங்களை ஏலத்திலேயே விற்கட்டும். அதற்கு முன்பாக, பாடசாலையை விட்ட இளைஞர்களிலிருந்து ஒவ்வோர் அணியும் இருவரை, போன தடவை கடைசியாக வந்த அணியிலிருந்து தொடங்கி, எடுக்கட்டும். மூன்று தொடர்களுக்கு அவர்களை விற்கவோ கழிக்கவோ கூடாது என்று விதி வைக்கட்டும். இருவரில் ஒருவர் அந்த மாகாணத்துப் பாடசாலைப் பிள்ளையாக இருக்கட்டும். ஹற்றனிலோ மாத்தளையிலோ பந்து போடுகிற தோட்டத்துப் பையன் ஒருவனின் பெயர் கண்டி அணியின் மேசைக்கு வந்து சேர அப்போது ஒரு வழி பிறக்கும். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியாரிலிருந்து முத்தையா முரளிதரன் வந்து உலகின் ஆக அதிக டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்த மண் இது. அடுத்தவர் வருவதற்கு முரளியின் குடும்பத்துக்கு இருந்த வசதி முன்நிபந்தனையாக இருக்கக்கூடாது.

றக்பியிலும் இதை முயன்று பார்க்கலாம், கண்டி கொஞ்சம் இழக்கும் என்று தெரிந்தே. நித்தவெல ரசிகருக்குக் கசக்கும். ஆனால் போட்டி மங்கிப்போன ஆண்டுகளில் கண்டி 50 புள்ளி வித்தியாசத்தில் வென்றபோது இடைவேளையிலேயே எழுந்து பஸ் நிலையத்துக்கு நடந்தவர்களும் அதே ரசிகர்கள்தான்.

கிரிக்கெட் அணிக்குச் செய்ய வேண்டியதில் மிக மலிவானது ஒன்று இருக்கிறது. அதற்கு டிராப்டும் வேண்டாம் ஏலமும் வேண்டாம். உரிமையாளர் மாறினாலும் அனுசரணையாளர் மாறினாலும் அணியின் பெயரைத் தொடாதிருக்கட்டும். லங்கா பிறீமியர் லீக் அடுத்து நடக்கும்போது கண்டி அணி போன தடவை இருந்த பெயரோடு பல்லேகலயில் இறங்கட்டும்.